ஆறு மணி நேரத்துக்கு ஒரு எஞ்சின்

தென்னாப்பிரிக்கா, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கியாலாமி திடலில் ஆறு மணி நேரக் கார் பந்தயத்தின் நான்காவது மணி நேரம். மச்சான்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். நீண்ட வளைவு ஒன்றிலிருந்து வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அடியிலிருந்து ஒரு தட்டல் சத்தம் கேட்டிருக்கிறது. ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் தடவை) ஏற ஏற அந்தத் தட்டலும் வேகமெடுத்தது. உடனே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் புல்லில் ஓரங்கட்டினான். நல்ல வேளை. இன்னும் அரைச் சுற்று ஓட்டியிருந்தால் பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

அன்றிரவு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு என்3 சாலையில் பக்கியில் (பிக்கப் வண்டியில்) திரும்பி வந்தோம். பின்னால் டிரெய்லரில் செத்த வண்டி. வான் ரீனன் கணவாய் இறங்கும்வரை ஒருவரும் பேசவில்லை. அக்காதான் கடைசியில் கேட்டாள்: "அடுத்த வருசத்துக்கு எந்த எஞ்சின்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. எங்களைப் போல வீட்டுக் கராஜில் வண்டி கட்டி, நீண்ட நேரப் பந்தயத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் டர்பனில் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்காவது பயன்படட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. எங்களுடையது டொயோட்டா டாஸ். டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டன் ஆலையில் 2006 வரை செய்த வண்டி. எங்கள் சித்தப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் வண்டியின் கதவுகளைத் தானே மாட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்வார். டாஸுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: அதே உடம்போடு வந்த கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐ வண்டியின் 16 வால்வு எஞ்சின் நேராக உட்காரும். அதே குடும்பத்து 20 வால்வு எஞ்சினும் கொஞ்சம் வேலை செய்தால் உட்காரும். எங்கள் ஊர்ப் பையன்களின் கனவே அந்த 20 வால்வுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வு, தனித்தனித் த்ராட்டில், 7,400 ஆர்பிஎம்மில் 160 குதிரைத் திறன் என்று ஜப்பானில் அறிவித்து விற்ற எஞ்சின். அது காற்றை இழுக்கிற சத்தத்தை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். நானும் மறக்கவில்லை.

நான்காவது மணி நேரத்தில் செத்தது அந்த 20 வால்வுதான்.

ஊருக்கு வந்ததும் எஞ்சினை இறக்கி மாமாவிடம் கொண்டுபோனோம். மாமா வடகடற்கரையில் ஒரு சர்க்கரை ஆலையில் 38 வருடம் ஃபிட்டர். கார் பந்தயத்தோடு அவருக்கு ஒரே ஒரு உறவுதான்: சின்ன வயதில் தன் அப்பாவோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ராய் ஹெஸ்கெத் பந்தயத் திடலுக்குப் போய், அங்கே நடந்த மூன்று மணி நேரப் பந்தயத்தைப் பார்த்திருக்கிறார். அந்தத் திடல் 1981-இல் மூடப்பட்டுவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. எத்தனை வண்டி கடைசிவரை ஓடவில்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஃபிட்டரின் கண் அப்படி.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றி, மூன்றாவது ராடின் பேரிங்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பேரிங்கின் மேலே சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய மெல்லிய பூச்சு போய், செம்பு தெரிந்து, செம்பும் போய் இரும்பு தெரிந்தது. மற்ற மூன்றிலும் ஒரு பக்கம் மட்டும் செம்பு எட்டிப் பார்த்தது. ஆயில் ஃபில்டரை வாளால் அறுத்துப் பிரித்தார். மடிப்புக்கு மடிப்பு மினுமினுப்பு.

"தம்பி, இந்த எஞ்சின் தானா சாகல. எண்ணெய் வராமத்தான் செத்துச்சு."

எண்ணெய் ஏன் வரவில்லை என்றால், வண்டி வளைவில் திரும்பும்போது சம்பில் இருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். தெருவில் ஓடும் வண்டிக்கு அது இரண்டு விநாடி விஷயம். பந்தய டயர் போட்ட வண்டியில், நீண்ட வளைவில் எண்ணெய் ஐந்து, ஆறு விநாடி அப்படியே ஒதுங்கி நிற்கும். அப்போது பம்பின் உறிஞ்சு குழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றைக் குடிக்கும். 7,500 ஆர்பிஎம்மில் ஒரு விநாடிக்குக் கிராங்க் 125 தடவை சுழல்கிறது. எண்ணெய்ப் படலம் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரச அரை விநாடி போதும். ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவு, அதே அரை விநாடி. நான்காவது மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிட்டது.

எங்களுக்கு எஞ்சின் கட்டிக் கொடுத்த பட்டறை சம்புக்குள் தடுப்புத் தகடு போட்டதாகச் சொன்னது, அதற்குப் பணமும் வாங்கியது. திறந்து பார்த்தால் தகடு இல்லை. அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கொடுத்த காசுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று மூடும் முன்னால் நாங்களே பார்த்திருக்க வேண்டும். இந்தத் தடவை ஒவ்வொரு உறுப்பும் எங்கள் கண்முன்னால்தான் உள்ளே போனது.

அடுத்த எஞ்சினுக்கு எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. மச்சான் இன்னொரு 20 வால்வு கேட்டான். அவனுடைய நண்பன் ஒருவன் அதே குடும்பத்துப் பெரிய எஞ்சினான 7ஏ-யின் அடிப்பகுதியோடு 20 வால்வு ஹெட்டைச் சேர்க்கச் சொன்னான். மாமா எதுவும் சொல்லவில்லை, "எத்தனை மணி நேரம் ஓடணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போதே மனம் 16 வால்வு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

7ஏ கலப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் சிலிண்டரின் விட்டம் 81 மில்லிமீட்டர்தான். 16 வால்வும் 20 வால்வும் சேர்ந்த 4ஏ-யில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 77, 7ஏ-யில் 85.5. அதனால் 7ஏ 1,762 சிசி ஆகிறது, இழுவை கூடுகிறது. தெருவில் ஓட்ட அருமையான எஞ்சின். ஆனால் எங்கள் வகுப்பின் வரம்பு 1,600 சிசி. அதைத் தாண்டினால் நம்மைவிடப் பெரிய வண்டிகளோடு மோத வேண்டும். அதோடு 7ஏ குடும்ப வண்டிக்காகச் செய்த எஞ்சின், அதன் ராடுகளும் அதற்கேற்றவைதான். அவற்றை 7,500 ஆர்பிஎம்மில் ஆறு மணி நேரம் அடிப்பது நியாயமில்லை. சரி, அது போயிற்று.

20 வால்வா, 16 வால்வா என்பதில்தான் வீடு இரண்டானது. தீபாவளிக்குக்கூட மச்சான் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவன் வாதம் தவறில்லை. செத்தது எண்ணெயால்தானே, சம்பைச் சரிசெய்துவிட்டு அதே 20 வால்வைப் போடலாமே என்றான். உண்மைதான். அதற்குப் பதிலாக மாமா ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். பிஸ்டனையும் ராடையும் ஒவ்வொரு சுழற்சியிலும் நிறுத்தித் திருப்புகிற விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 7,000-க்கும் 8,000-க்கும் வித்தியாசம் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் ராடு போல்ட்டின் மேல் விழும் இழுப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். ஆறு மணி நேரம், சராசரி 5,500 ஆர்பிஎம் என்று வைத்தால் கிராங்க் 19,80,000 தடவை சுழலும். அந்த 30 சதவீதத்தை அத்தனை தடவை அந்தப் போல்ட் தாங்க வேண்டும்.

ஆலையில் அவர் பார்த்த வேலையும் இதுதான். கரும்பு அரைவை ஏப்ரல் வாக்கில் தொடங்கினால் டிசம்பர் வரை ஓடும். வெட்டின கரும்பு காத்திருக்காது, நாளாக ஆகச் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். நடுவில் ஆலை நின்றால் வயலிலிருந்து லாரிகள் வரிசையாக நின்றுவிடும். அதனால் எந்த இயந்திரத்தையும் அதன் உச்சத்தில் ஓட்ட மாட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாவற்றையும் கழற்றி அளந்து மாட்டுவார்கள். பேரிங்குகளைக் கையால் தொட்டே சூட்டைச் சொல்லிவிடுவார் மாமா. "ஒரு நாள் வேகமா ஓடறது யாருக்கு வேணும்? டிசம்பர் வரைக்கும் ஓடணும்" என்பார்.

இருந்தாலும் மச்சானை மாற்றியது மாமாவின் கணக்கு அல்ல, அக்காவின் கணக்கு. அக்கா ஃபீனிக்ஸில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பந்தயத்தில் பெட்ரோல் கணக்கும் அவள் கையில்தான்.

எங்கள் தொட்டியில் உருப்படியாக எடுக்க முடிவது 45 லிட்டர். செத்த 20 வால்வு மணிக்கு 31 லிட்டர் குடித்தது, அது நாங்கள் அளந்தது. நண்பர் ஒருவரின் 16 வால்வு டாஸ் அதே மாதிரி ஓட்டத்தில் மணிக்கு 22 லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு 20 வால்வுக்கு 186 லிட்டர் வேண்டும், 16 வால்வுக்கு 132. தொடக்கத்தில் நிரப்பிய 45 போக, 20 வால்வு நான்கு தடவை உள்ளே வர வேண்டும். 16 வால்வு இரண்டே தடவை, அதுவும் மூன்று லிட்டர் மிச்சத்தோடு. ஒவ்வொரு தடவையும் எஞ்சினை அணைத்து, ஓட்டுநர் இறங்கி, இரண்டு பேர் தீயணைப்பானோடு நிற்க, பெட்ரோல் ஊற்றி வெளியே போவதற்கு ஐந்து நிமிடம். ஆக, வித்தியாசம் பத்து நிமிடம்.

கியாலாமியின் ஒரு சுற்று 4.522 கிலோமீட்டர். எங்கள் வண்டிக்கு அது ஏறத்தாழ 2 நிமிடம் 15 விநாடி. ஆறு மணி நேரத்தில் 160 சுற்று. பத்து நிமிடத்தை 160-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 3.75 விநாடி. 20 வால்வு ஒவ்வொரு சுற்றிலும் 3.75 விநாடி வேகமாக ஓடினால்தான் 16 வால்வோடு சமமாக நிற்கும்!

மச்சான் உடனே விடவில்லை. நேர்ப்பாதையின் முடிவில் கொஞ்சம் முன்னதாகவே காலை எடுத்து ஓட்டினால் ஆறு லிட்டர் மிச்சம் பிடித்து மூன்று தடவையோடு முடிக்கலாம் என்றான். "முடிக்கலாம். ஆனா அப்ப நீ 20 வால்வ வாங்கி 16 வால்வு மாதிரி ஓட்டுற" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். மறுநாள் காலையில் ஒரு 16 வால்வு பிளாக் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எனக்குப் போன் செய்தவன் அவன்தான்.

பிளாக் தேடியதே தனிக் கதை. முதலில் கிடைத்தது விலை மலிவு. ஆனால் 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளத்தில் சேற்றுக்குள் கிடந்தது போலிருக்கிறது. தண்ணீர் ஓடும் வழிகளில் வண்டல் அடைத்திருந்தது, சிலிண்டர் சுவரில் துரு தின்ற குழிகள். லேத் பட்டறைக்காரர் அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்தால் குழிகள் போய்விடும் என்றார். அக்கா கணக்குப் போட்டாள்: 81.5 மில்லிமீட்டர் விட்டத்தில் எஞ்சின் 1,607 சிசி ஆகிவிடும். ஏழு சிசியால் வகுப்பு மாறிவிடும். கால் மில்லிமீட்டரோடு நிறுத்தினால் 1,597, ஆனால் குழிகள் போகாது. அந்தப் பிளாக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இரண்டாவதாகக் கிடைத்தது சுத்தமாக இருந்தது, கால் மில்லிமீட்டரில் முடிந்தது. எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் விதிப்புத்தகத்தையும் ஒரு கால்குலேட்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பது. இது எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் வரும் சிக்கல். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. கியாலாமி ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, டர்போ இல்லாத எஞ்சின் ஏழில் ஒரு பங்கு பலத்தை அப்படியே இழந்துவிடும். எல்லாருக்கும் அதே இழப்பு என்பதால் அதில் வருத்தமில்லை. ஆனால் காற்று மெலிதாக இருப்பதால் நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும் ஆபத்தும் அங்கே குறைவு. ஆக்டேன் கூடினால் பெட்ரோல் நாக்கிங்கை அதிகம் தாங்கும். மேட்டில் ஆபத்து குறைவு என்பதால்தான் உள்நாட்டில் 93 ஆக்டேன் பெட்ரோலே போதும் என்று விற்கிறார்கள், நம் கடற்கரையில் 95. மேட்டில் இருப்பவர்கள் கம்ப்ரஷனை 12 வரை ஏற்றி, இழந்த பலத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடிக்கிறார்கள். நமக்கும் ஆசை வரும். ஆனால் நாங்கள் வண்டியைச் சோதித்துப் பார்ப்பது போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி திடலில், கடலுக்குப் பக்கத்தில். அங்கே 12 கம்ப்ரஷன் எஞ்சின் தட்டும், தட்டினால் பிஸ்டனின் தலை உருகும். பந்தயத்துக்கு முன்னால் சோதனை செய்யாத எஞ்சினை ஆறு மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. 10.3-இல் நிறுத்தினோம்.

உயரத்தில் இன்னொன்றும் நடக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெலிந்த காற்று ரேடியேட்டரிலிருந்து எடுத்துப் போகும் சூடும் குறைவு. தண்ணீரும் அங்கே 95 டிகிரியிலேயே கொதிக்கும், மூடியின் அழுத்தம்தான் அதைக் காப்பாற்றும். ஆகவே புது ரேடியேட்டர், புது மூடி, புது ரப்பர் குழாய்கள். பழைய குழாய் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில் மச்சானுக்கு 288 டிகிரி வேண்டும் என்று ஆசை. டிகிரி கூடினால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். 304 வரைகூடக் கிடைக்கிறது. ஆனால் அவையெல்லாம் 5,000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் கண் திறக்கும். களைத்த ஓட்டுநர் ஐந்தாவது மணி நேரத்தில் ஒரு கியர் தவறாகப் போட்டாலும் வண்டி இழுக்க வேண்டும். கியாலாமியின் மைன்ஷாஃப்ட் இறக்கத்தில் இறங்கி, மறுபடி மேடேறும்போது 4,000-இலிருந்தே இழுவை வேண்டும். 256 டிகிரியோடு நிறுத்தினோம். 7,000-இல் எஞ்சின் தானாக வெட்டிக்கொள்ளும்படி அதன் கணினியான ஈசியூவில் எழுதினோம், யாரும் மாற்ற முடியாதபடி கடவுச்சொல்லை அக்கா வைத்துக்கொண்டாள்.

இப்படி மிச்சமான பணத்தை எஞ்சினைச் சுற்றிப் போட்டோம். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிஸ்டனுக்கும் கேமுக்கும் போகும் காசில் பாதி எண்ணெய்க்கும் சூட்டுக்கும் போக வேண்டும். சம்புக்குள் நான்கு பக்கமும் தகடு வைத்து, உள்ளே மட்டும் திறக்கும் சின்னக் கதவுகளை மாமாவே வெட்டி வெல்டிங் செய்தார். எண்ணெய் நடுவுக்கு வரலாம், வெளியே போக முடியாது. தனி ஆயில் கூலர், அதற்குத் தனி தெர்மோஸ்டாட். எண்ணெய் அழுத்தம் 2 பாருக்குக் கீழே போனால் ஓட்டுநரின் மூக்குக்கு நேரே எரியும் பெரிய சிவப்பு விளக்கு. மீட்டரை யாரும் பந்தயத்தில் பார்ப்பதில்லை, விளக்கைப் பார்ப்பார்கள். ராடு போல்ட்டுகள் எல்லாம் புதியவை. ஒவ்வொன்றையும் நான் இறுக்க, மாமா மறுபடி சரிபார்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார்.

பேரிங் இடைவெளி பார்த்த நாள் எனக்குப் பிடித்த நாள். பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் போல ஒன்று உண்டு. அதைக் கிராங்கின் மேல் வைத்து, மூடியை இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லும். நான்கு ராடுகளில் மூன்றில் 0.05 மில்லிமீட்டர், ஒன்றில் மட்டும் 0.04. அந்த ஒன்றுக்காக வேறு பேரிங் ஜோடி தேடி இரண்டு வாரம் காத்திருந்தோம். அது தைப்பூச சமயம், மாமா காவடிக்கு விரதம் இருந்தார். விரதத்தில் இருக்கும்போது கைக்கு நிதானம் கூடும் என்று சொல்லி, அந்த வாரத்தில்தான் ஹெட்டை மாட்டினார்.

இந்த வருடப் பந்தயம் புரட்டாசியில் வந்தது. வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம், மற்ற நேரத்துக்கு, குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஊற்றித் தரும் எங்கள் ஊர் பீன்ஸ் பன்னி. வண்டியின் வேகம் போன வருடத்தைவிடச் சுற்றுக்கு இரண்டு விநாடி குறைவு. நேர்ப்பாதையில் எங்களைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்க்கும்போது மச்சானின் தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது. நான்காவது மணி நேரத்தில் நான் ஓட்டினேன். அந்த நீண்ட வளைவுக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும் என் கண் சிவப்பு விளக்கில்தான். அது எரியவில்லை. இரண்டு தடவை உள்ளே வந்தோம், இரண்டே தடவை. கடைசிக் கொடி விழுந்தபோது தொட்டியில் நான்கு லிட்டர் இருந்தது, அக்கா குச்சி விட்டு அளந்தாள்.

போன வாரம் எஞ்சினை மறுபடி இறக்கினோம். ஆலை வழக்கப்படி, ஓடி முடிந்ததும் திறந்து பார்க்க வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. ஃபில்டரை அறுத்தார், மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றுமில்லை. மூன்றாவது ராடின் பேரிங்கைக் கழற்றி அதே ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, அதே ராடில் அதே பேரிங்கைத் திரும்ப மாட்டினார். "மூடு" என்றார்.